ஆணியில் தொங்கிய ஏடு

கணப்பிலே கட்டை எரிகிறது. வெளியே பனி. கணப்பை அடுத்த சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு. கயிற்றின் முனையிலே மெல்லிய ஏடு ஒன்று, புகை படிந்து, ஓரம் மடங்கித் தொங்குகிறது. உழுபவன் அதைப் பார்க்கிறான், கடலுக்குப் போகிறவன் பார்க்கிறான், வழக்குக்குப் போகிறவன் பார்க்கிறான், பிள்ளைப்பேற்றுக்கு நாள் எண்ணும் தாயும் பார்க்கிறாள். ஆண்டு முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள்.

அமெரிக்கா ஆங்கில மன்னனின் குடியேற்ற நாடாக இருந்த காலத்திலே, வீட்டுக்கு வீடு இருந்த ஏடு அது. ஆல்மனாக் என்பது அதன் பெயர். நாம் பஞ்சாங்கம் என்றே சொல்லிக்கொள்வோம், பொருள் விளங்கும். ஆனால் நமது பஞ்சாங்கத்தைப் போலத் திதியும் நட்சத்திரமும் யோகமும் கரணமும் அதில் இல்லை. வேறு பலவும் இருந்தன. என்னென்ன இருந்தன, யார் அதை எழுதினார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், தோழர்களே! மாளிகைக்காரர்களின் கதை இதில் குறைவு. பூட்டுத் தொழிலாளி வருவான், கண்ணாடி பொருத்துபவன் வருவான், செருப்புத் தைப்பவன் வருவான். கடைசியிலே, அடிமையாய் இருந்தவனுடைய மகன் ஒருவன் வருவான்.

1638-இல் ஜோஸ் குளோவர் எனும் பாதிரியார், அச்சுப்பொறி ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். நடுக்கடலிலேயே மாண்டுபோனார். பொறி மட்டும் மாசசூசெட்சிலுள்ள கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. அதை நிறுத்தி ஓட்டியவர் ஸ்டீபன் டே என்பவர், பூட்டுத் தொழிலாளி. முதலிலே அவர் அச்சிட்டது, குடிமகனாக விரும்புவோர் எடுக்கவேண்டிய உறுதிமொழி, ஒற்றைத் தாள். அடுத்து, 1639-ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கம்! வேதப் பாடல் நூல்கூட அதற்கடுத்த ஆண்டில்தான் வந்தது. அந்த முதற் பஞ்சாங்கத்தின் ஒரு பிரதிகூட இப்போது உலகில் இல்லை. நாளைக்கு ஆகாது என்று கழற்றி எறியப்படும் ஏடுதானே!

அதைக் கணித்தவர் வில்லியம் பியர்ஸ், கப்பல் தலைவர். கடலோடிக்கு விண்மீன் கணக்குத் தெரியும். ஆகவே அவர் கணித்தார். ஆனால் இந்தப் பியர்சின் கப்பலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 'டிசையர்' என்பது கப்பலின் பெயர். 'ஆசை' என்று பொருள். பீக்வாட் எனும் செவ்விந்தியக் குலத்தாரை வெள்ளையர் போரிட்டு வீழ்த்தி, பிடிபட்டவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பினார்களே, அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் அது. 1638 பிப்ரவரியில் திரும்பி வந்தபோது பஞ்சும் புகையிலையும் கொண்டுவந்தது. கூடவே நீக்ரோ மக்களையும் அடிமைகளாக இறக்கியது. ஆளுநர் விந்திராப் தமது நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார், பஞ்சு மூட்டையோடு மனிதரையும் ஒரே வரியில் சேர்த்து! அமெரிக்கப் பஞ்சாங்கத்தின் முதற்கணக்கைப் போட்ட கை, இந்தக் கணக்கையும் போட்ட கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லண்டனிலே பஞ்சாங்கங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை வரவழைத்துப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கதிரவன் லண்டனில் எழும் நேரம் வேறு, பாஸ்டனில் எழும் நேரம் வேறு. கடலின் ஏற்ற இறக்கம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். ஆகவே அந்தந்த ஊருக்கென்று கணித்தாக வேண்டும். கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு. இருந்த கடிகாரமும் தள்ளாடும். பஞ்சாங்கத்தில் கதிரவன் எழும் நேரம் பார்த்து, அதற்கேற்ப முள்ளைத் திருப்பி வைப்பார்கள். நிலா எந்த நாளில் எத்தனை மணிக்கு எழும் என்று பார்த்துத்தான் இரவுப் பயணம் புறப்படுவார்கள். சாலையிலே விளக்கு ஏது?

இன்னும் கேளுங்கள். எந்த ஊரில் எந்த நாளில் நீதிமன்றம் கூடும் என்பது அதில் இருக்கும். நாளைத் தவறவிட்டவன் வழக்கையே இழப்பான். ஊருக்கு ஊர் எத்தனை மைல், வழியில் எந்தச் சாவடியில் தங்கலாம் என்பது இருக்கும். வட்டி அட்டவணை இருக்கும். அதுதான் எனக்குப் பிடித்த பக்கம்! கடைக்காரனிடம் கடன்பட்ட உழவன், அவன் சொல்லும் வட்டியை அப்படியே ஒப்புக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆணியிலிருந்து ஏட்டை எடுத்து, இத்தனை பவுனுக்கு இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று விரலை வைத்துக் காட்டலாம். நாணயமோ குடியேற்றத்துக்குக் குடியேற்றம் வேறு மதிப்பு. பாஸ்டன் பவுன் வேறு, பிலடெல்பியா பவுன் வேறு. நடுவே ஸ்பானிய வெள்ளி டாலர். அந்தக் குழப்பத்துக்கும் அட்டவணை உண்டு. பசுவுக்கு நோய் வந்தால் மருந்து, பல்வலிக்கு மருந்து, சிறு கவிதை, ஒரு சிரிப்பு, எல்லாம் பதினாறு, இருபத்துநான்கு பக்கங்களுக்குள்! வெற்றுத்தாள் சேர்த்துத் தைத்து நாட்குறிப்பாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் நாட்குறிப்புகளிலே சில, வர்ஜீனியாப் பஞ்சாங்கத்தின் இடைத்தாள்களில் எழுதப்பட்டவைதாம்.

அறிவு மட்டுமா இருந்தது? இல்லை. அம்மண மனிதன் ஒருவனின் படம் இருந்தது. தலைக்கு மேஷம், கழுத்துக்கு ரிஷபம் என்று தொடங்கி, பாதத்துக்கு மீனம் வரையில் பன்னிரண்டு இராசிகளும் அவன் உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். நிலா எந்த இராசியில் இருக்கிறதோ, அதற்குரிய உறுப்பிலே அன்று கத்தி வைக்கக் கூடாது, குருதி வாங்கக் கூடாது! பாஸ்டனின் முதல் அச்சகத்தார் ஜான் பாஸ்டர், 1678-க்கான பஞ்சாங்கத்திலே இந்தப் படத்தைப் போட்டார். பிறகு அதை எடுக்கவே முடியவில்லை. இதில் உண்மை இல்லை என்று தெரிந்த கணிதர்களே அதை அச்சிட்டார்கள். போடாவிட்டால் வாங்குவோர் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அங்கலாய்த்துக்கொண்டே அச்சிட்டார்கள். மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம் என்பது அச்சுத் தொழிலின் பழைய சாக்கு. அன்றும் இருந்தது.

ஆனால் மறுபக்கமும் சொல்லவேண்டும். தொடக்க ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பஞ்சாங்கங்களைக் கணித்தவர்கள் ஹார்வர்டு கல்லூரியின் இளைஞர்கள். அவர்களில் ஒருவர் செக்கரையா பிரிக்டன். 1659-க்கான பஞ்சாங்கத்திலே, கதிரவன் பூமியைச் சுற்றவில்லை, பூமிதான் கதிரவனைச் சுற்றுகிறது என்று விளக்கம் எழுதினார். அதே கருத்துக்காகக் கலிலியோ ரோம் நகரில் மண்டியிட வைக்கப்பட்டது 1633-இல். இருபத்தாறே ஆண்டுகள்! பழுத்த மதவாதிகளின் ஊரான நியூ இங்கிலாந்திலே என்ன நடந்தது? நியூஹேவன் நகரத்துப் பாதிரியார் ஜான் டேவன்போர்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும், அவர் கருத்து அவரோடு இருக்கட்டும், என் கருத்து என்னோடு இருக்கட்டும் என்ற அளவில் விட்டுவிட்டார். உழவன் வீட்டு ஆணியிலே கோபர்னிகஸ் தொங்கினார், நெருப்பில் விழாமல்.

எல்லோருக்கும் அந்தப் பெருந்தன்மை வாய்த்ததென்று எண்ணிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் முதன்முதல் அச்சானதும் பஞ்சாங்கமே. 1686-க்கானது. சாமுவேல் அட்கின்ஸ் எழுதினார், வில்லியம் பிராட்போர்டு அச்சிட்டார். அதிலே குடியேற்றத்தின் உரிமையாளரான வில்லியம் பென்னைப் 'பிரபு' என்று குறித்துவிட்டார்கள். ஆட்சி மன்றம் அச்சகத்தாரை அழைத்துக் கண்டித்தது. அந்தச் சொல்லை மையால் அழிக்கச் சொன்னது. இனி மன்றத்தின் அனுமதியில்லாமல் அச்சிடாதே என்றது. அடுத்து டேனியல் லீட்ஸ் என்பவர் வந்தார். க்வேக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் பஞ்சாங்கத்தில் சோதிடம் அதிகமென்று அவருடைய கூட்டத்தாரே சினந்து, அச்சான பிரதிகளைத் திரட்டி ஒழித்தார்கள். லீட்ஸ் சும்மா இருந்தாரா? கூட்டத்தைவிட்டு வெளியேறி, வாழ்நாளெல்லாம் அவர்களைத் திட்டி எழுதினார். அவர் மகன் டைட்டன் லீட்ஸ் பஞ்சாங்கத் தொழிலைத் தொடர்ந்தார். இந்த மகனுக்குத்தான் வந்தது வினை, பிராங்க்ளின் உருவில்!

பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டனில் மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சிய ஒருவரின் மகன். பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்தார். அவருக்குப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுத்தவர் தாமஸ் காட்பிரே. சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி! நியூட்டனின் பெருநூல் லத்தீனில் இருந்தது. அதைப் படிப்பதற்காகவே லத்தீன் கற்றார். ஊர்ப் பெரிய மனிதர் ஜேம்ஸ் லோகனிடம் நூலைக் கடன் வாங்கிப் படித்தார். கப்பல் இருக்கும் இடத்தை அளக்க உதவும் கருவி ஒன்றை 1730-இல் ஆக்கினார். இங்கிலாந்தில் ஜான் ஹாட்லி என்பவரும் தனியே அதேபோன்ற கருவி செய்தார். பெயர் ஹாட்லிக்குப் போய்விட்டது. கண்ணாடித் தொழிலாளியை யார் கேட்டார்கள்?

அந்தக் காட்பிரே, 1732-இல் தம் பஞ்சாங்கத்தைப் போட்டி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டார். கையிலே பஞ்சாங்கம் இல்லாத அச்சகம், நெல் இல்லாத களம். பிராங்க்ளின் தாமே எழுதத் தொடங்கினார். 'ஏழை ரிச்சர்டு' என்று பெயர் வைத்தார். எழுதுபவன் ரிச்சர்டு சாண்டர்ஸ் எனும் ஏழைச் சோதிடனாம். மனைவி நச்சரிப்பு தாங்காமல் காசுக்காக எழுதுகிறானாம். முதல் ஏட்டிலேயே ஒரு குறும்பு: என் நண்பர் டைட்டன் லீட்ஸ், 1733 அக்டோபர் 17-ஆம் நாள், பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு மாண்டுபோவார் என்று சோதிடம்!

லீட்ஸ் சாகவில்லை. அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் கொதித்தெழுந்தார். நான் உயிரோடு இருக்கிறேன், அவன் பொய்யன், முட்டாள் என்றார். பிராங்க்ளின் அமைதியாகப் பதில் எழுதினார்: என் நண்பர் லீட்ஸ் பண்பாளர், இப்படித் தரக்குறைவாக எழுதவேமாட்டார், ஆகவே அவர் இறந்துவிட்டார் என்பது உறுதி, அவர் பெயரில் யாரோ எழுதுகிறார்கள்! லீட்ஸ் மெய்யாகவே இறந்தது 1738-இல். இங்கிலாந்தில் ஜொனாதன் ஸ்விப்ட் 1708-இல் ஒரு சோதிடன்மீது ஏவிய கேலியைத்தான் பிராங்க்ளின் கடன் வாங்கினார். ஆனால் சோதிடத்தைச் சோதிடப் புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்து கேலி செய்வது எளிதா? மழை சொல்லும் சாமர்த்தியத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் குறித்த நாளுக்கு முன்னே ஓரிரு நாள், பின்னே ஓரிரு நாள் தள்ளுபடி தாருங்கள். அப்படியும் மழை வராவிட்டால் அச்சகத்தான் தலையில் பழியைப் போடுங்கள் என்று எழுதினார். அச்சகத்தான் யார்? அவரேதான்!

ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிவரை விற்றது. வேறு புத்தகமே வாங்காத பொதுமக்களிடம் போய்ச்சேர இதுவே வழி என்று கண்டு, நாட்களுக்கு நடுவே இருந்த சிறு சிறு இடங்களிலெல்லாம் பழமொழிகளை இட்டு நிரப்பினார். உழை, சிக்கனமாயிரு, கடன் வாங்காதே என்பதே சாரம். 1758-க்கான ஏட்டிலே அவற்றையெல்லாம் ஒரு கிழவர் வாயில் வைத்தார். ஏலம் நடக்கும் இடம். வரிச்சுமை தாங்கவில்லை, என்ன செய்வது என்று மக்கள் கிழவரைக் கேட்கிறார்கள். அரசு போடும் வரியைவிட உங்கள் சோம்பல் போடும் வரி பெரிது என்கிறார் கிழவர். முதலாளிமார்களுக்கு இந்த உபதேசம் மிகவும் பிடித்துப்போயிற்று. தனி நூலாக்கிப் பரப்பினார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விடியுமுன் எழுந்து பொழுது சாய்ந்தும் உழுகிறவனிடம் சோம்பலைப் பற்றிப் பேசினால் என்ன சொல்ல? 'ஏழை' ரிச்சர்டை எழுதியவர் 1748-இலேயே, நாற்பத்திரண்டு வயதில், போதுமான செல்வத்தோடு தொழிலைவிட்டு ஓய்ந்தார். ஆனாலும் பிராங்க்ளினுக்கு ஒன்று சொல்லவேண்டும்: உபதேசம் முடிந்ததும், கேட்ட கூட்டம் அதை மெச்சிவிட்டு, நேரே ஏலத்தில் போய்த் தாறுமாறாக வாங்கியது என்று அவரே எழுதி வைத்தார்.

இடையிலே 1752 வந்தது. இங்கிலாந்து பழைய நாள்காட்டியைக் கைவிட்டது. செப்டம்பர் 2-ஆம் நாள் இரவு படுத்தவர்கள் எழுந்தபோது செப்டம்பர் 14! பதினொரு நாளைக் காணோம். ஆண்டுப் பிறப்பும் மார்ச் 25-இலிருந்து சனவரி 1-க்கு மாறியது. குழம்பிய மக்களுக்கு விளக்கம் சொன்னவை பஞ்சாங்கங்களே. கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜான் டல்லி என்பவர் 1687-லேயே சனவரியில் ஆண்டைத் தொடங்கிவிட்டார்; அரசின் சட்டம் அவரை எட்டிப்பிடிக்க அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அதே கனெக்டிகட்டில்தான் ரோஜர் ஷெர்மன். செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1743-இல் தொழிற்கருவிகளை முதுகில் சுமந்து நியூ மில்போர்டுக்கு நடந்தே வந்தவர் என்பார்கள். தானே படித்துக் கணிதம் தேர்ந்து, 1750 முதல் 1761 வரை பஞ்சாங்கம் கணித்தார். பிறகு? 1776-இல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அதற்கு முந்திய குடியேற்றங்களின் கூட்டு உடன்பாடு, பிந்திய கூட்டமைப்பு விதிகள், 1787-இன் அரசியல் சட்டம், இந்த நான்கிலும் கையெழுத்திட்டவர் அவர் ஒருவரே. பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள் நிறைந்த அவையிலே, தோல் தைத்த கை!

அந்தப் பிரகடனத்துக்குப் பதினோராண்டு முன்பு, லண்டன் பாராளுமன்றம் ஒரு வேலை செய்தது. முத்திரை வரிச் சட்டம், 1765. செய்தித்தாளுக்கு வரி, நீதிமன்றத் தாளுக்கு வரி, சீட்டுக்கட்டுக்கு வரி, பஞ்சாங்கத்துக்கும் வரி! ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட ஒற்றைத்தாள் பஞ்சாங்கத்துக்கு 2 பென்ஸ், மற்றவற்றுக்கு 4 பென்ஸ். விலையே சில பென்ஸ்தான். நவம்பர் 1 முதல் வரி நடப்புக்கு வரும் என்றதால், அச்சகத்தார் சிலர் இரவு பகலாக அச்சடித்து, முத்திரைக்கு முன்னே வாங்கிக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். பாஸ்டனிலே ஆகஸ்டு மாதமே, முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரு ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்து. கதிரவன் எழும் நேரத்துக்கு வரி கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். லண்டனிலே இருந்த பிராங்க்ளின் இந்தக் கொதிப்பைக் கணிக்கத் தவறினார். பென்சில்வேனியாவில் முத்திரை விற்கத் தம் நண்பர் பெயரையே சொல்லி வைத்தார். லீட்சின் சாவை நிமிடக் கணக்கில் குறித்த சோதிடருக்கு, மக்கள் மனம் தெரியவில்லை! பின்னால் போர் மூண்ட ஆண்டுகளில், பல்வலி மருந்து இருந்த பக்கங்களிலே வெடிமருந்து செய்யும் முறையை அச்சிட்ட பஞ்சாங்கங்களும் வந்தன.

போர் முடிந்தது. விடுதலை வந்தது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதியாயிற்று. எல்லோருக்கும் வந்ததா?

மேரிலாந்தின் பால்டிமோர் அருகே, புகையிலைத் தோட்டம் ஒன்றிலே, மரக்கட்டை வீட்டில் தனியே வாழ்ந்தார் பெஞ்சமின் பானக்கர். 1731-இல் பிறந்தவர். கருப்பர். தந்தை அடிமையாயிருந்து விடுபட்டவர். இருபத்திரண்டு வயதில், கடன் வாங்கிய பைக் கடிகாரம் ஒன்றைப் பார்த்து, மரத்திலேயே சக்கரம் செதுக்கி மணியடிக்கும் கடிகாரம் செய்தவர். ஐம்பத்தேழாம் வயதிலே, அண்டை ஆலைக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் எல்லிகாட் விண்நூல்களையும் தொலைநோக்கியையும் இரவல் தந்தார். சொல்லித்தர ஆள் இல்லை. தாமே படித்தார், கிரகணக் கணக்குப் போட்டார், பெரிய நூலாசிரியர்கள் இருவருடைய முறை ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் கண்டு எழுதினார். இரவெல்லாம் விண்ணை நோக்குவார்; பகலில் உறங்குவார்; அண்டையார் சோம்பேறி என்றார்கள்! 1791-இல் புதிய தலைநகருக்கு எல்லை அளக்கும் பணியில் சில மாதம் உதவினார்.

1792-க்கான பஞ்சாங்கத்தைக் கணித்து முடித்ததும், அச்சுக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. தம் கையால் எழுதிய பிரதி ஒன்றை, 1791 ஆகஸ்டு 19-ஆம் நாள், அரசுச் செயலர் தாமஸ் ஜெபர்சனுக்கு அனுப்பினார். யார் இந்த ஜெபர்சன்? மனிதர் யாவரும் சமம் என்று பிரகடனத்தை எழுதியவர். கருப்பர் அறிவில் தாழ்ந்தவராயிருக்கக் கூடும் என்று வர்ஜீனியா பற்றிய தம் நூலில் எழுதியவரும் அவரே. அடிமைகளை வைத்திருந்தவரும் அவரே. பானக்கர் கெஞ்சவில்லை. நீங்கள் மன்னனுக்குக் கீழே துன்பப்பட்டபோது எழுதியதை நினைத்துப் பாருங்கள். அப்படி எழுதிய நீங்களே என் உடன்பிறப்புகளை வன்முறையால் அடிமைகளாக வைத்திருக்கிறீர்களே, எந்தக் குற்றத்தை மன்னன்மீது சாட்டினீர்களோ அதையே செய்கிறீர்களே என்று கேட்டார். ஆதாரம்? கூட இணைத்த பஞ்சாங்கம்!

பதினோரு நாளில் மறுமொழி வந்தது, மரியாதையாகத்தான். உங்கள் ஏட்டைப் பாரிசு அறிவியற் கழகச் செயலர் கொண்டார்சேக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார் ஜெபர்சன். அடிமைகள் மட்டும் அடிமைகளாகவே இருந்தார்கள். இந்த இரண்டு கடிதங்களும் சிறு நூலாக அச்சாகி விற்றன. 1792 முதல் 1797 வரை பானக்கரின் பஞ்சாங்கம் பல நகரங்களில் வெளிவந்தது. 1795-இல் ஒரு பதிப்பின் அட்டையிலே அவர் முகமே அச்சானது. பியர்ஸ் என்ற கப்பல் தலைவரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! அவர் கப்பல் மனிதரை இறக்கி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, அவர் தொடங்கிய தொழிலின் ஏட்டிலே ஒரு கருப்பரின் முகம்.

பானக்கர் மாண்ட பிறகு, 1809-இல், ஜெபர்சன் ஒரு நண்பருக்கு எழுதினார்: அந்த ஆளின் கணக்கிலே எல்லிகாட்டின் உதவி இருந்திருக்கலாம் என்ற ஐயம் உண்டு, அவன் கடிதத்தைப் பார்த்தால் சாதாரண அறிவுதான் என்று. பதினெட்டு ஆண்டு முன்னே பாரிசுக்கு அனுப்பிய கையேதான்.

பானக்கர் இறந்தது 1806 அக்டோபரில். இரவல் வாங்கியதை எல்லிகாட்டிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தம் கணக்கேட்டையும் கூடவே கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே வண்டியில் ஏற்றிச் சென்று கொடுத்தார்கள். அவரைப் புதைத்துக்கொண்டிருந்தபோதே வீட்டில் தீப்பிடித்தது. மரக் கடிகாரம் எரிந்தது, இருந்தவை எல்லாம் எரிந்தன. எல்லிகாட்டிடம் போன கணக்கேடு மட்டும் தப்பியது. கிரகணங்களும், நிலாவின் நிலைகளும், ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தின் நகலும் அவர் கையெழுத்திலேயே அதில் இருக்கின்றன.